ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை வெயில் ஏற ஏறக் கால் பிடிப்பைப் பற்றிய கடிதங்களும் ஏறும். இந்த முறை அவற்றை ஒன்றாகச் சேர்த்து, மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் கலந்து பதில் சொல்லியிருக்கிறோம். கொரக்களி, நரம்பு இழுப்பு, சதைப் பிடிப்பு என்று ஆளுக்கொரு பெயரில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே கோளாறு இல்லை. சிலருக்குச் சுவரும் துண்டும் போதும். சிலருக்கு அது பிடிப்பே இல்லை.

விசைத்தறி ஓட்டறேனுங்க, வயசு 52. பன்னண்டு மணி நேரம் நின்னுதான் பொழப்பு. வாரத்துல மூணு நாளாச்சும் தூக்கத்துல கெண்டைக்கால் சதை கல்லாட்டம் உருண்டுக்குது. உசுரே போற வலிங்க. விடிஞ்ச பொறவும் அந்த எடம் நோவுது. நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி மாசாமாசம் நரம்பு ஊசி போட்டுட்டு இருக்கறேன். ஒண்ணும் கேக்கலைங்க.
– வாசகர், சோமனூர்

கேட்காது. நரம்பு ஊசி என்று போடுவது பெரும்பாலும் பி12-உம் மற்ற பி வைட்டமின்களும்தான். பி12 குறைந்தவருக்கு அது மருந்து, குறையாதவருக்கு வீண் செலவு. உங்களுக்கு நடப்பது தளர்ச்சிக்கு நேர் எதிரானது. ஓய்ந்திருக்க வேண்டிய நேரத்தில் நரம்பு விடாமல் கட்டளை அனுப்புகிறது, சதை சுருங்கி அப்படியே பூட்டிக்கொள்கிறது.

அது ஏன் தூக்கத்தில்? படுத்ததும் பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாயும், விரல்கள் நீண்டுகொள்ளும். அந்த நிலையில் கெண்டைக்கால் சதை ஏற்கெனவே பாதி சுருங்கித்தான் கிடக்கிறது. தூக்கக் கலக்கத்தில் சோம்பல் முறித்து விரலை இன்னும் நீட்டினீர்கள் என்றால் சுருங்கிய சதை மேலும் சுருங்கும், விடாது. குதிகாலுக்குப் பின்னால் தடித்த கயிறு மாதிரி ஒரு தசைநாண் தட்டுப்படும். அதற்குள் இழுவிசையை உணரும் முனைகள் இருக்கின்றன. நாண் இழுபடும்போது அவை தண்டுவடத்துக்குத் தகவல் சொல்லி, சதைக்குப் போகும் கட்டளையை அடக்கும். பாதத்தை மேலே மடக்கினால் பிடிப்பு விடுவது இதனால்தான்.

ஆகவே பிடித்த நொடியில் முதல் வேலை, முழங்காலை நீட்டுவது. பிறகுதான் விரல்களைப் பிடித்து முகத்தைப் பார்க்க இழுக்க வேண்டும். பலர் காலை மடக்கிக் கட்டிக்கொண்டு சதையைத் தேய்ப்பார்கள். கெண்டைக்காலின் பெரிய சதை முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது. முழங்கால் மடங்கியிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் அது முழுதாக நீளாது. கை எட்டாதவர்கள் தலைமாட்டில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் முன்பக்கத்தில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுக்கலாம். இழுப்பதை மெதுவாகக் கூட்டி 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை பிடித்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது இழுத்துவிட்டாலும் வெடுக்கென்று இழுக்கச் சொல்லாதீர்கள். சதைநார் கிழிந்தால் ஒருநாள் நோவு ஒரு வார நோவாகிவிடும். சதை இளகிய பிறகு தேய்ப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் மிச்ச நோவுக்கு நல்லது.

தொடையின் பின்பக்கம் பிடித்தாலும் காலை நேராக நீட்டுவதுதான் வழி. தொடையின் முன்பக்கம் பிடித்தால் தலைகீழ்: முழங்காலை மடக்கிக் குதிகாலைப் புட்டத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும். உள்ளங்கால் பிடித்தால் விரல்களை மட்டும் மேலே வளைத்தால் போதும்.

வராமல் தடுக்கத் தூங்கப் போகுமுன் சுவரைப் பிடித்துச் செய்யும் நீட்டல் ஒன்று இருக்கிறது. சுவரைப் பார்த்து இரண்டரை அடி தள்ளி நில்லுங்கள். உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, ஒரு காலை முன்னே வையுங்கள். பின்னால் இருக்கும் கால்தான் நீளப்போவது. அதன் முழங்கால் மடங்கக் கூடாது, குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, பாதம் நேராகச் சுவரைப் பார்க்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் இழுப்பு சதைக்குப் போகாமல் உள்ளங்கால் வளைவுக்குப் போய்விடும். இடுப்பை முன்னே தள்ளி, கெண்டைக்காலில் இழுப்புத் தெரிகிற இடத்தில் 30 நொடி நில்லுங்கள். வலிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. அதன்பின் பின்னங்கால் முழங்காலைச் சற்றே மடக்கி அதையே திரும்பச் செய்தால் அடியில் இருக்கும் இரண்டாவது சதையும் நீளும். கடைசியாகக் கட்டில்மேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்தால் தொடைப் பின்சதைக்கும் ஆயிற்று. மொத்தம் பத்து நிமிடம்.

நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. படுக்கப் போகுமுன் இப்படி நீட்டியவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் குறைந்தது, வேகமும் குறைந்தது. மூன்று நாள் செய்துவிட்டு ‘ஒண்ணும் இல்லை’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆறு வாரம் பாருங்கள். உங்களுக்கு இரவு ஷிப்ட் என்றால் பகலில் படுக்குமுன் செய்ய வேண்டும், பிடிப்பு தூக்கத்தைத்தான் பார்க்கும், கடிகாரத்தைப் பார்க்காது.

இனி தறிக்கூடம். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பதை விடுங்கள், மெத்தென்ற செருப்பு போடுங்கள். நீங்கள் அதிகம் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. மணிக்கு ஒருமுறை நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலேறும். தறி நின்றுவிடும் என்று தண்ணீர் குடிக்காமலும் சிறுநீர் கழிக்கப் போகாமலும் இருப்பது இந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம், இரண்டுமே கெடுதல்தான். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். டீ எத்தனை குடித்தாலும் வியர்வையில் போன உப்பு திரும்ப வராது, உப்புப் போட்ட மோரில் வரும்.

கெண்டைக்காலில் நீல நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறதா என்று ஒருமுறை நின்றபடி பாருங்கள். இருந்தால் சாயங்காலக் கடுப்புக்கும் ராத்திரிப் பிடிப்புக்கும் அதுவும் காரணமாக இருக்கலாம். அழுத்தக் காலுறை உதவும். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். ஆனால் காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்க வேண்டும்.

எங்கம்மாவுக்கு 68 வயசுங்க. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூணுக்கும் மாத்திரை. பங்குனியில பிரஷர் மாத்திரையை மாத்துனாங்க. அதுலிருந்து ரெண்டு காலும் மாத்தி மாத்தி இழுக்குது. மாத்திரையை நிறுத்திப் பாக்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

நீங்களாக நிறுத்தக் கூடாதுங்க. ஆனால் மாத்திரை மாற்றிய மாதத்தைக் கவனித்து வைத்தீர்களே, அது பெரிய உதவி. மருத்துவரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஃபுரோசிமைடு ஆகிய நான்கில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். பிராண்ட் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்றோ ‘சி.டி.’ என்றோ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று கலந்திருக்கும். இவை சிறுநீரைக் கூட்டிப் பிரஷரைக் குறைப்பவை. சிறுநீரோடு சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் கொண்டுபோகும். வயதானவர்களுக்கு, அதுவும் பிரஷர் என்று பயந்து உப்பைச் சுத்தமாக நிறுத்தியவர்களுக்கு, சோடியம் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. கால் பிடிப்போடு அம்மாவுக்கு அசதி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம், பகலில் தூங்கி வழிவது ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் கேட்க வேண்டியவை: சோடியம் (135 முதல் 145 வரை சரி), பொட்டாசியம் (3.5 முதல் 5 வரை), மெக்னீசியம், கால்சியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சதை பிடிக்கும், அதனால் டி.எஸ்.எச்.-உம் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர் என்றால் பி12-உம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் நாளடைவில் பி12-ஐக் குறைக்கும். சோமனூர்க்காரருக்குச் சொன்ன ஊசி உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இதுதான். சோடியமோ பொட்டாசியமோ குறைந்திருந்தால் பிரஷர் மாத்திரையை வேறு வகைக்கு மாற்ற மருத்துவருக்கு வழி இருக்கிறது.

கொழுப்பு மாத்திரை மேல் எல்லாருக்கும் சந்தேகம். அந்த மாத்திரையால் வரும் சதைவலி பெரும்பாலும் பகலிலும் இருக்கும். இரண்டு தொடையும் தோளும் கடுக்கும், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கும். திடீரென்று வந்து சில நிமிடத்தில் விட்டுப்போகும் கெண்டைக்கால் பிடிப்பு அந்தக் கணக்கில் சேராது. சந்தேகம் இருந்தால் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றைய மாத்திரையைப் போடாமல் நேரே மருத்துவரிடம் போங்கள். ஆஸ்துமாவுக்கு சால்மெட்ரால், ஃபார்மோட்ரால் கலந்த இன்ஹேலர் இழுக்கிறவர்களுக்கும் பிடிப்பு வருவது உண்டு. அம்மா அப்படி ஏதாவது இழுத்தால் அதையும் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் இது வயதால் வருவது. 60 தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. சுவர்ப் பயிற்சியில் அவரைத் தனியாக நிற்க வைக்காதீர்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து துண்டால் இழுக்கலாம், அல்லது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். வலியில் துள்ளி எழுந்து ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதுதான் இந்த வயதில் பிடிப்பைவிடப் பெரிய ஆபத்து. அறையில் சின்ன விளக்கு எரியட்டும். வெளியே போக முடியாதவர் என்றால், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.

அப்பாருக்குக் காலு இழுக்குதுன்னு தெனமும் ரெண்டு எளநியும் ரெண்டு வாழப்பழமும் தர்றோமுங்க. தோப்பு சொந்தத் தோப்பு, காய்க்குப் பஞ்சமில்லை. கிரியேட்டினின் 2.4 இருக்குதுன்னு போன மாசம் சொன்னாங்க. மெக்னீசியம் மாத்திரையும் வாங்கித் தரலாமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

இளநீரை இன்றைக்கே நிறுத்துங்கள். மாத்திரையும் வாங்க வேண்டாம். கிரியேட்டினின் 2.4 என்றால் சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது. கால் லிட்டர் இளநீரில் 500 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது, 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் வலியோ காய்ச்சலோ வந்து எச்சரிக்காது, இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். மெக்னீசியமும் அப்படித்தான் உடம்பில் தேங்கும். இந்த வாரமே பொட்டாசியம் அளவைப் பார்த்து, எந்தப் பழம், எவ்வளவு தண்ணீர் என்று சிறுநீரக மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறே பிடிப்பை வரவழைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். டயாலிசிஸ் நடக்கும்போது வருகிற பிடிப்பு வேறு, அதை அங்கேயே சொல்லி இயந்திரத்தில் சரிசெய்ய வேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொட்டாசியம் குறைவில்லாதவர் எத்தனை கதளியும் நேந்திரனும் தின்றாலும் ராத்திரிப் பிடிப்பு குறையப்போவதில்லை. பசிக்குச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம். மெக்னீசியத்தைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. வயதானவர்களின் கால் பிடிப்புக்கு அது சொல்லிக்கொள்ளும்படி உதவாது என்பதே அதன் முடிவு. உதவாததோடு வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். மலேரியாவுக்குத் தரும் குயினைன் மாத்திரை பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது நிஜம். ஆனால் ரத்தத் தட்டணுவைக் குறைத்து, இதயத் துடிப்பையும் கெடுத்துவிடும் என்பதால் அமெரிக்க மருந்துத் துறை இதற்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. யாராவது சொன்னாலும் வேண்டாம்.

பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்ல இருக்கறேனுங்க்கா. ஏழு மாசம். பத்து நாளா விடியக்காலம் ரெண்டு காலும் பிடிச்சுக்குது. குழந்தைக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?
– வாசகி, திருப்பூர்

குழந்தைக்கு ஒன்றும் ஆகாதும்மா. கர்ப்பத்தின் பின்பாதியில் இது ரொம்ப சகஜம், பிரசவத்துக்குப் பிறகு போய்விடும். இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை இருக்கட்டும். போர்வையைக் காலடியில் மடித்துச் செருகாதீர்கள். இறுக்கமான போர்வை விரல்களைக் கீழே தள்ளும், பிடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வயிறு இடிப்பதால் குனிந்து விரலைப் பிடிக்க வராது, துண்டை மாட்டி இழுங்கள், இல்லை வீட்டுக்காரரை இழுக்கச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. கால்சியம் 500 மில்லிகிராம் காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டோடு, இரும்பு அதற்கு இரண்டு மணி நேரமாவது தள்ளி. டீ, காபியோடு வேண்டவே வேண்டாம்.

செக்கிங் டேபிளில் ஸ்டூல் கேளுங்கள், தயங்க வேண்டாம். நின்று வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே 44-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. ஸ்டூல் வரும்வரை ஒரு காலைச் சின்னப் பெட்டிமேல் மாற்றி மாற்றி வைத்து நில்லுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் உடனே ஓட வேண்டும். ஒரே ஒரு கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்து, வலி நிமிடங்களில் விடாமல் நாள் முழுக்க நின்றால் அது பிடிப்பில்லை. ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். கர்ப்பத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம். தேய்க்காமல், ஒத்தடம் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

பையனுக்கு ஏழு வயசு. ராத்திரி காலைப் பிடிச்சுட்டு அழுவறான். காலையில ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடறான்.
– வாசகி, கரூர்

இரண்டு காலிலும் மாறி மாறி வந்து, காலையில் சுத்தமாக இல்லை என்றால் வளரும் பிள்ளைகளுக்கு வருகிற வலிதான். 3 முதல் 12 வயதுக்குள் வரும், தேய்த்துவிட்டால் தூங்கிவிடுவார்கள். எப்போதும் ஒரே இடத்தில் வலிப்பது, நொண்டுவது, காய்ச்சல், மூட்டு வீக்கம், எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

லாரி ஓட்டறேன், 47 வயசு. நடந்தா வலது கெண்டைக்கால் பிடிக்குது. நின்னா ரெண்டு நிமிசத்துல விட்டுரும், மறுபடி அதே தூரம் நடந்தா மறுபடியும் பிடிக்கும். இப்ப ராத்திரியிலும் பாதம் கடுக்குது. கட்டில்ல இருந்து காலைத் தொங்கப்போட்டாத்தான் தூக்கம் வருது. பீடி ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. வெந்நீர் ஒத்தடம் போதுமுங்களா?
– வாசகர், நாமக்கல்

போதாது, ஒத்தடம் கொடுக்கவும் கூடாது. நீங்கள் எழுதியது கால் பிடிப்பின் கதை இல்லை, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிற கதை. ராத்திரிப் பிடிப்பு சும்மா படுத்திருக்கும்போது வரும். இது நடக்கும்போது, குறிப்பிட்ட தூரத்தில் வருகிறது, நின்றால் போகிறது. நடக்கும் சதைக்கு அதிக ரத்தம் வேண்டும், அடைபட்ட குழாயால் அதைக் கொடுக்க முடியவில்லை. இப்போது படுத்திருக்கும்போதே பாதம் கடுக்கிறது, தொங்கப்போட்டால் குறைகிறது என்றால் ஓய்விலிருக்கும் பாதத்துக்கே ரத்தம் பற்றவில்லை, கீழே தொங்கும்போது கொஞ்சம் இறங்குகிறது. இது முற்றிய நிலை. பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு ஐம்பதுக்கு முன்பே இது வரும். விட்டுவைத்தால் விரலில் புண் வந்து, கறுத்து, காலை எடுக்கும் வரை போகும்.

புறங்காலில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். பிறகு உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். இரண்டு இடத்திலும் நாடி துடிக்க வேண்டும். இடது காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துடிப்பே தெரியாமல், வலது பாதம் சில்லென்று, முடி உதிர்ந்து மினுமினுப்பாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நாடி கிடைத்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு எண் சொல்வார்கள், 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. டாப்ளர் ஸ்கேனில் எங்கே அடைப்பு என்று தெரியும். நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். ‘நடந்தா பிடிக்குது, நின்னா விடுது, ராத்திரி தொங்கப்போடறேன்’ என்ற மூன்றையும் இதே சொற்களில் சொல்லுங்கள். ‘கால் வலி’ என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு.

பீடியைக் குறைப்பதெல்லாம் இந்த நிலையில் கணக்கில் வராது, ஒன்றுகூடக் கூடாது. வண்டியில் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பாதத்தை வைக்காதீர்கள். ரத்தம் ஓடாத காலில் சூடு பட்டால் உறைக்காது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்: உப்பு ஒத்தடமோ நொச்சி ஒத்தடமோ, முதலில் வேறொருவர் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே காலில் வைக்க வேண்டும்.

நடந்தால் வலித்து, நின்றால் மட்டும் விடாமல், உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோதான் விடுகிறது என்கிறவர்களுக்கு ரத்தக்குழாய் காரணமில்லை, இடுப்பில் தண்டுவடப் பாதை சுருங்கியிருக்கும். அதற்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மாமியாருக்குப் படுத்தாப் போதுமுங்க, காலுக்குள்ள பூச்சி ஊர்ற மாதிரி இருக்குதாம். ஆட்டிட்டே இருக்கோணும், எந்திரிச்சு நடந்தா நிக்குது. வலின்னு சொல்றதில்லை.
– வாசகி, ஈரோடு

சதை கல்லாகவில்லை, வலியில்லை, ஆட்டினால் அடங்குகிறது என்றால் அது பிடிப்பு இல்லை, ஓயாக்கால் தொல்லை. சாயங்காலத்துக்கு மேல்தான் கூடும். இரும்புச் சத்துக் குறைவுதான் முதலில் தேட வேண்டிய காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம், அதனால் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்தத் தொல்லைக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பது வழக்கம், ஆய்வுக்கூடத்தாள் ‘நார்மல்’ என்று போட்டிருந்தாலும். சாயங்கால டீ, காபியை நிறுத்திப் பாருங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இதைக் கிளப்பிவிடும். கால் எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது என்று இருந்தால் அது மூன்றாவது வகை, நரம்பு பாதிப்பு. சர்க்கரையும் பி12-உம் பார்க்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில தீர்த்தம் எடுத்துட்டு பழனிக்கு நடந்தோமுங்க. ரெண்டாம் நாள் ராத்திரி பாதிப்பேருக்குக் காலு இழுத்துருச்சு. எளநியும் தண்ணியும் குடிச்சுட்டேதான் போனோம். அடுத்த தடவைக்கு என்ன பண்ணோணும்?
– வாசகர், காங்கயம்

பங்குனி வெயிலில் நடந்தால் சட்டை நனைந்து காய்ந்து வெள்ளை பூத்திருக்குமே, அது உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம் போகிறது, சாப்பாட்டு உப்புக் கணக்கில் சுமார் அரை டீஸ்பூன். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வெறும் தண்ணீரில் சோடியம் இல்லவே இல்லை. குடித்தீர்கள், போனது திரும்பவில்லை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது சோடியத்தை இன்னும் இறக்கிவிடும்.

உப்புப் போட்ட மோர், உப்புப் போட்ட கம்மங்கூழ், ஊறுகாயோடு சோறு, இவை வழியில் கிடைப்பவை, நல்லவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிலிட்டருக்கு. பெரிய பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவது வழிநடையில் எல்லாரும் செய்கிற தப்பு. அப்படிக் கெட்டியாகக் குடித்தால் தாகம் கூடி வயிறு கலங்கும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

உப்பைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: ஆண்டு முழுக்க வண்டியில் போகிற கால்கள் திடீரென்று நாளெல்லாம் நடக்கின்றன. களைத்த சதைதான் முதலில் பிடிக்கும். மாசி பிறந்ததும் தினம் அரை மணி நேரத்தில் தொடங்கி வாரம் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போங்கள். காப்புக் கட்டியபின் வெறுங்காலோடுதான் நடப்பீர்கள் என்றால் பழகும்போதும் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு மண் தரையில் நடந்து பாருங்கள். ராத்திரி தங்கும் இடத்தில் கால் கழுவியதும் படுத்துவிடாமல், முதல் பதிலில் சொன்ன நீட்டலை ஒரு தடவை செய்துவிட்டுப் படுங்கள். சுவர் இல்லாவிட்டால் வந்த வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். கூட்டத்தில் யாருக்காவது பிடிப்போடு தலைசுற்றல், பிதற்றல், உடம்பு கொதிப்பு சேர்ந்தால் அது வெயில் அடித்தது. நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள், நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.